நான் மாற்றிச் சொன்ன பதில்

எங்கள் ஊரில் எனக்கு ஒரு நல்ல பெயர் உண்டு. ஒரு டிரைவருக்காக வெள்ளைக்காரத் துரையிடம் இங்கிலீஷில் சண்டை போட்டவன் என்ற பெயர். இன்னும் உயிரோடிருக்கும் கிழவர்களில் சிலர் இதை என் முன்னாலேயே பேரன்களிடம் சொல்லிக் காட்டுகிறார்கள். நானும் அடக்கமானவனைப் போலத் தலையைக் குனிந்து சிரித்துவைத்திருக்கிறேன். சண்டை நடந்தது உண்மை. அது அந்த டிரைவருக்காக நடக்கவில்லை. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதுகையில் கோபம் வருகிறது. யார் மேல் என்று கேட்டால், முதலில் என் மேல். என்னைத் தாண்டிப் போனால் அப்பா மேலும், அந்தக் காலத்துப் பஸ் முதலாளிகள் மேலும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

அப்போது தருமபுரி, சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. அப்பாவுக்குச் சில பஸ்கள் ஓடின. தருமபுரியிலிருந்து சேலம் போகிற பஸ்தான் எங்களுக்குச் சோறு போட்டது. சேலத்தில் இண்டர்மீடியட் படித்து முடித்துவிட்டு நான் ஷெட்டில் உட்கார்ந்தேன். மேலே படிக்க வைக்க அப்பாவுக்கு மனமில்லை. படித்தவனுக்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டும் என்று, சாயங்காலம் பஸ்கள் வந்து நின்றதும் பெட்ரோல் டாங்கிக்குள் மரக்குச்சியை விட்டு அளக்கிற வேலையைக் கொடுத்தார்.

யுத்த காலம். பெட்ரோலுக்குக் கூப்பன். பல முதலாளிகள் பஸ்ஸின் பின்னால் கரியடுப்பு மாட்டி, அதில் வருகிற புகையில் ஓட்டினார்கள். அப்பா சேலம் பஸ்ஸை மட்டும் பெட்ரோலிலேயே ஓட்டினார். கரி வண்டி தொப்பூர் மலையில் ஏறாது. ஆட்கள் இறங்கித் தள்ள வேண்டும். ஆகவே ஒவ்வொரு சொட்டு பெட்ரோலும் எங்களுக்குப் பெரிது. நான் படித்தவன் அல்லவா, யோசித்தேன். தருமபுரியிலிருந்து போகும்போது தொப்பூர்க் கணவாய் முழுவதும் இறக்கம். மலை உச்சியில் எஞ்சினை அணைத்துவிட்டு, கியரை எடுத்துவிட்டு, பிரேக்கை மட்டும் பிடித்துக்கொண்டு அடிவாரம் வரைக்கும் உருட்டினால் அவ்வளவு பெட்ரோலும் மிச்சம். அப்பாவிடம் சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இதுக்குத்தான்டா உன்னப் படிக்க வெச்சேன்" என்றார்.

மிச்சமான பெட்ரோல் பின்வாசல் வழியாக எங்கே போனது என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

சேலம் பஸ்ஸை ஓட்டியவர் எனக்குப் பத்து வயது மூத்தவர். நான் அவரை அண்ணா என்பேன். அவர் என்னைத் தம்பி என்பார். மரியாதை மட்டும் குறையாது. நல்ல உயரம். சட்டைக் காலருக்குள் கைக்குட்டையை மடித்து வைத்திருப்பார். கண்ணாடியில் மீசையைப் பார்க்காமல் ஸ்டியரிங்கைத் தொடமாட்டார். சாதுவானவர் என்று யாரும் சொல்ல முடியாது. இடக்கு செய்கிற பயணியை நடுவழியில் இறக்கிவிட்டுப் போனதும் உண்டு.

என் சட்டத்தைச் சொன்னபோது அவர் எகிறினார்.

"எஞ்சின அணைச்சிட்டு எறக்கத்துல வுடறதா? தம்பி, எஞ்சின் புடிச்சாத்தான் வண்டி நம்ம பேச்சக் கேக்கும். நெறைய ஆளுங்க இருக்கறப்ப பிரேக்கு காய்ஞ்சிருச்சின்னா உங்க படிப்பு வந்து நிறுத்துமா?"

"எல்லா டிரைவரும் செய்யறாங்கண்ணா" என்றேன். அப்போது யாரும் செய்யவில்லை. பிறகு எல்லோரும் செய்தார்கள்.

கொஞ்ச நாளில் அதையும் அவர் ஒரு வித்தையாக்கிவிட்டார். உச்சியில் எஞ்சின் அணைந்ததும் பஸ்ஸுக்குள் காற்று மட்டும் கேட்கும். வளைவுகளில் ஸ்டியரிங்கை இப்படி ஒரு தடவை, அப்படி ஒரு தடவை என்று திருப்பி, கரடு முரடான சாலையில் ஒரு குலுக்கல் இல்லாமல் இறக்குவார். பெண்கள் தூங்கிப்போவார்கள். "நம்ம டிரைவரு பஸ்ஸ ஓட்டறதில்லீங்க, தாலாட்டறாரு" என்று ஒரு வியாபாரி சொன்னதைக் கேட்டு அவர் ஒரு வாரம் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஒரு ஐப்பசி மாதத்தில் நல்ல மழை. கணவாயில் சேறு. அன்று அவர் எஞ்சினை அணைக்கவில்லை. சாயங்காலம் நான் குச்சியை விட்டேன். ஈரம் வழக்கத்தைவிடக் கீழே நின்றது. அப்பாவிடம் சொன்னேன். மழை பெய்ததையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அப்பா நேராகப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். சந்தை நாள், கூட்டம். டிரைவர் எங்களுடைய வேறொரு பஸ்ஸின் கூரையிலிருந்த மூட்டைகளை இறக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா ஒன்றும் கேட்காமல் கன்னத்தில் அறைந்தார். காலரிலிருந்த கைக்குட்டை கீழே விழுந்தது.

"மழைங்க மொதலாளி" என்றார் அவர்.

அதற்குப் பிறகு அவர் கை ஒருநாளும் தவறியதில்லை. மழையோ பனியோ, உச்சி வந்ததும் வலது கை சுவிட்சுக்குத் தானாகப் போகும். பின்னால் நடந்ததற்கெல்லாம் இந்தக் கைதான் காரணம். இந்தக் கையைப் பழக்கியவர்கள் நாங்கள்.

எங்களை விட்டுப் போய்விட வேண்டும் என்று அன்றைக்கே அவர் முடிவு செய்தார். ஆனால் எங்கே போவது? எங்கள் பக்கத்துப் பஸ் முதலாளிகளுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. எழுதியதில்லை, பேசிவைத்ததுதான். ஒரு முதலாளியை விட்டு வந்த டிரைவரை இன்னொருவர் சேர்க்கக் கூடாது. எல்லோரும் ஒருவருக்கொருவர் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்துகொண்டு, "உன் ஆளு எங்கிட்ட வந்தான், தொரத்தியுட்டேன்" என்று சொல்லிக்கொள்வார்கள். ஓர் ஆள் தன் கைத்தொழிலை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போக முடியாது. அடிமைத்தனம் என்று நாங்கள் வெள்ளைக்காரனைத் திட்டிக்கொண்டிருந்த காலம் அது.

யுத்தம் முடிந்தது. பட்டாளத்திலிருந்து திரும்பிய ஒருவன், பாரசீக வளைகுடாவில் பஹ்ரைன் என்று ஓர் ஊர் இருக்கிறது, அங்கே எண்ணெய்க் கம்பெனிக்கு லாரி ஓட்ட ஆள் எடுக்கிறார்கள் என்று சொன்னான். டிரைவர் என்னிடம் வந்தார்.

"தம்பி, எனக்கு ஒரு மனு எழுதிக் குடுக்கணும். மொதலாளிக்குத் தெரியக் கூடாதுங்க."

எழுதிக் கொடுத்தேன். இதை என் நல்ல காரியங்களில் ஒன்றாக அப்போது நினைத்தேன். பாஸ்போர்ட்டுக்கு ஒரு மனு, கம்பெனிக்கு ஒரு மனு. சேலத்துக்குப் போய், ஸ்டுடியோக்காரனுடைய கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு படம் எடுத்தார். கோட்டின் கை குட்டை. மணிக்கட்டு தெரியக்கூடாது என்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டதால் படத்தில் யாரோ பிடித்துவைத்த கைதி மாதிரி இருந்தார். கிராம முன்சீப்பின் சான்று, தாசில்தார் ஆபீஸ், போலீஸ் விசாரணை என்று மாதக்கணக்கில் அலைந்தார். ஒவ்வோர் இடத்திலும் நிற்க வைத்தார்கள். காக்கிச் சட்டை போட்ட டிரைவருக்குக் கடல் தாண்டிப் போக ஆசையா என்று ஒவ்வொருவனும் ஒரு தடவை சிரித்துவிட்டுத்தான் மையைத் தொட்டான்.

விசாரணைக்கு வந்த ஏட்டு அவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, "நீ கப்பலேறிட்டா இங்க பொண்டாட்டி புள்ளைங்கள யாருய்யா பாக்கறது?" என்று கேட்டார்.

டிரைவரின் மனைவி உள்ளேயிருந்து பதில் சொன்னாள். "இங்க இருக்கறப்ப மட்டும் எங்களயா பாக்கறாருங்க? மொதலாளி வூட்டு பஸ்ஸத்தான பாக்கறாரு. அந்தூருக்குப் போனாலாவது வருசத்துக்கு ஒரு தரம் லீவு குடுப்பாங்களாம்."

ஏட்டு சிரித்துவிட்டார். பாஸ்போர்ட் வந்தது. இனி கம்பெனிக்காரன் பரீட்சை வைத்து ஒப்பந்தத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாள் இருந்தால்தான் பஹ்ரைனுக்குள் நுழைய விசா கிடைக்கும். கையெழுத்து இல்லையென்றால் பாஸ்போர்ட் வெறும் படம் ஒட்டிய புத்தகம்.

ஆள் எடுக்கிற துரை சேலத்தில் தங்கி, சுற்றுப்பட்ட ஊர்களுக்கு வந்து பரீட்சை வைத்தான். தருமபுரிக்கும் வந்தான். அவனோடு வந்த குமாஸ்தாவுக்கு இந்துஸ்தானி தெரியும், தமிழ் தெரியாது. "தம்பி, நீங்க கூட வந்து ரெண்டு வார்த்த எடுத்துச் சொன்னாப் போதுமுங்க" என்று டிரைவர் கேட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. கஞ்சி போட்ட சட்டையும் வேட்டியும் போட்டுக்கொண்டு போனேன். வழியில் அவருக்கு அறிவுரை சொன்னேன். பீடி பிடிக்காதீர்கள், வெளியே எச்சில் துப்பாதீர்கள், துரை பேசினால் எஸ் சார் என்று சொல்லுங்கள். இவ்வளவும் சொன்னவனுக்குச் சொல்ல வேண்டிய ஒன்று மட்டும் தோன்றவில்லை.

பட்டாளத்து லாரி. பின்னால் மணல் மூட்டைகள். முன்னால் டிரைவரும் துரையும், நடுவில் நான். அவர் ஓட்டினார். தருமபுரிக் கடைவீதியில் மாட்டு வண்டிகளுக்கிடையே அந்த லாரியை அவர் கொண்டுபோனதைப் பார்த்துத் துரை இரண்டு தடவை "குட்" என்றான். அதை நான் தமிழில் சொல்லத் தேவையில்லை. அவர் மீசை அசைந்தது. ஊரைத் தாண்டியதும் வேகம், பிறகு பின்னால் எடுப்பது, பிறகு ஏற்றத்தில் நிறுத்திக் கிளப்புவது எல்லாம் முடிந்தது. துரை தன் தாளில் கோடு கோடாகப் போட்டுக்கொண்டு வந்தான். கணவாய் உச்சி வந்தது.

கை சுவிட்சுக்குப் போனது. எஞ்சின் அணைந்தது. "அண்ணா" என்று வாயெடுத்தேன். அதற்குள் துரை கத்தினான். கைபிரேக்கை எட்டிப் பிடிக்கப் பார்த்தான். நடுவில் நான் உட்கார்ந்திருந்ததால் எட்டவில்லை. துரை எதற்காகக் கத்துகிறான் என்று டிரைவருக்குப் புரியவில்லை. வேகமாகப் போகச் சொல்கிறானோ என்று நினைத்தாராம், பிறகு சொன்னார். மணல் மூட்டைகளோடு அந்த லாரியை வளைவு வளைவாக ஒரு கல்லிலும் படாமல் அடிவாரத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். நிறுத்திவிட்டு, சந்தோஷமாக எங்கள் இருவரையும் பார்த்தார்.

"பாத்தீங்களா தம்பி, மூட்ட கொஞ்சங்கூட நவுரல. தொரகிட்டச் சொல்லுங்க."

துரை இறங்கிச் சாலையோரம் நின்றான். முகம் சிவந்திருந்தது. ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு என்னிடம் கேட்டான்: எஞ்சினை ஏன் அணைத்தான்? யார் இவனுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது?

நான் தமிழில் கேட்டேன். "எஞ்சின ஏன் அணைச்சீங்கன்னு கேக்கறாருண்ணா."

அவர் ஒரு கள்ளமும் இல்லாமல் சொன்னார். "நம்ம கம்பெனி சட்டமுன்னு சொல்லுங்க தம்பி. நீங்க போட்டதுதான? வேணாமின்னா அணைக்காமயும் ஓட்டுவனுங்க. இப்பவே மேல ஏத்தி எறக்கிக் காட்டறன்."

துரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கணவாய்க்கு வருகிற வழியில்தான் அவன் என்னிடம், உன் இங்கிலீஷ் நன்றாக இருக்கிறது, எங்கே படித்தாய் என்று கேட்டிருந்தான். ஆட்களை ஏற்றிக்கொண்டு மலையிறக்கத்தில் எஞ்சினை அணைக்கச் சொல்லிச் சட்டம் போட்ட மடையன் நான்தான் என்று இந்த மனிதனிடம் எப்படிச் சொல்வது? இதுதான் அப்போது என் மனதில் ஓடியது. அப்பாவின் லைசென்ஸ் போய்விடும் என்றோ, நல்ல டிரைவர் போய்விடுவார் என்றோ நான் பயப்படவில்லை. அப்படிப் பயந்திருந்தால்கூட அதற்கு ஒரு மதிப்பு உண்டு. எனக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

அது அவனுடைய சொந்தப் பழக்கம், இங்கே டிரைவர்கள் அப்படித்தான், நாங்கள் எவ்வளவு சொன்னாலும் கேட்பதில்லை என்று இங்கிலீஷில் சொன்னேன். பிழையில்லாத இங்கிலீஷ்.

துரை தாளில் குறுக்கே ஒரு கோடு இழுத்தான்.

"என்ன சொல்றாருங்க?" என்றார் டிரைவர்.

"யோசிச்சு சொல்றாராம்" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. தேறியவர்களின் பெயர்கள் டிராவலர்ஸ் பங்களா வாசலில் வாசிக்கப்பட்டபோது அவர் பெயர் இல்லை. இரண்டு நாள் அவர் வழக்கம்போல் பஸ் ஓட்டினார். மூன்றாம் நாள் ஷெட்டுக்கு வந்தார்.

"தம்பி, தொர இன்னும் சேலத்துலதான் இருக்கறானாம். ஒரே ஒரு தடவ நீங்க வந்து பேசிப் பாருங்க. எஞ்சின அணைச்சது புடிக்கல போலருக்கு. அது எம் பழக்கமில்ல, மொதலாளி வூட்டுச் சட்டமின்னு வெவரமாச் சொல்லுங்க. அன்னிக்கு ரோட்டுல நின்னுக்கிட்டு அவசரத்துல சொன்னது அவனுக்கு மண்டையில ஏறலயோ என்னமோ."

அவருக்குச் சந்தேகம் என் மேல் வரவில்லை. துரையின் மண்டை மேல் வந்தது. சரி என்றேன். பரீட்சை நடந்த அன்று இரவே எனக்கு உறுத்த ஆரம்பித்திருந்தது என்பதும் உண்மை. மறுநாள் இருவரும் சேலத்துக்குப் போனோம். எங்கள் பஸ்ஸையே வேறொருவர் ஓட்ட, அவர் பயணியாக என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். சொல்ல வேண்டிய வாக்கியங்களை வழியெல்லாம் மனதுக்குள் கோத்துக்கொண்டே போனேன். நான்தான் அந்தச் சட்டத்தைப் போட்டேன், அன்று பொய் சொன்னேன், மன்னிக்க வேண்டும். மூன்றே வாக்கியம்.

துரை, தான் தங்கியிருந்த பங்களாவின் வராந்தாவில் முட்டை தின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டு, உட்கார் என்று நாற்காலியைக் காட்டினான். வெள்ளைக்காரன் எதிரில் நாற்காலியில் உட்காருவது எனக்கு அதுதான் முதல் தடவை. உட்கார்ந்தேன். டிரைவர் படிக்குக் கீழே, வெயிலில், கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். நாங்கள் பேசுவது அவர் காதில் விழும். ஒரு வார்த்தையும் புரியாது.

அந்த டிரைவர் விஷயமாக வந்தேன் என்று ஆரம்பித்தேன். துரை முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்: "நானும் யோசித்தேன். பத்து வருடமாக ஓட்டுகிறவன். கை நல்ல கை. சொந்தப் புத்தியால் எஞ்சினை அணைத்தான் என்றால் எனக்கு வேண்டாம். முதலாளி அணைக்கச் சொல்லி அணைத்தான் என்றால் வேறு விஷயம். சொன்னதைச் செய்கிறவன் எனக்கு வேண்டும். இன்றைக்கே கையெழுத்துப் போடுவேன். நீ முதலாளி மகன்தானே? நீங்கள் சொன்னீர்களா?"

இதைவிட எளிதாக ஒருவன் கேள்வி கேட்க முடியாது. ஆமாம் என்று ஒரு சொல். மூன்று வாக்கியம்கூட வேண்டியதில்லை.

"இல்லை" என்றேன்.

ஏன் என்று இத்தனை வருடமாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன். முதல் பொய்யைக் காப்பாற்றத்தான். நாற்காலியில் உட்கார்ந்தவன் எழுந்து நிற்க வேண்டியிருக்குமே என்றுதான். வேறு காரணம் இருந்தால் நானே முதலில் கண்டுபிடித்து எழுதியிருப்பேன்.

துரை தோளைக் குலுக்கிவிட்டு மறுபடி முட்டைக்குப் போனான். போகிற போக்கில், உங்கள் ஆட்களுக்குச் சுயராஜ்யம் வரப்போகிறதாம், ஒரு லாரியை மலையிலிருந்து ஒழுங்காக இறக்கத் தெரியாதவர்கள் ஒரு நாட்டை எப்படி ஓட்டப்போகிறீர்கள் என்றான். எனக்கு வந்ததே கோபம்! கல்லூரியில் பேச்சுப் போட்டிக்கு மனப்பாடம் செய்த அத்தனையும் வந்தது. எங்கள் பஞ்சம், எங்கள் வரி, யுத்தத்தில் செத்த எங்கள் ஆட்கள். மேஜையைத் தட்டினேன். எழுந்து நின்றேன். துரையின் முகம் சிவந்தது. அவனும் குரலை உயர்த்தினான். முடிவில் அவன் சிரித்துவிட்டு, நீ வக்கீலுக்குப் படிக்க வேண்டியவன் என்று கை கொடுத்தான். நான் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினேன். நாட்டின் மானத்தைக் காப்பாற்றிவிட்டுப் படியிறங்கினேன்.

படிக்குக் கீழே அவர் கண் கலங்கி நின்றார்.

"ஆள் எடுத்து முடிஞ்சிருச்சாம்ணா. எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்" என்றேன்.

"நானே பாத்தனுங்களே தம்பி! மேசையத் தட்டினீங்க. வெள்ளக்காரன் மூஞ்சி மொளகாப் பழமா ஆயிருச்சி. எனக்காவ இப்பிடி ஒருத்தரும் பேசினதில்லீங்க. கெடைக்காட்டிப் போவுது, வுடுங்க."

சேலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ஹோட்டலில் எனக்குத் தோசை வாங்கிக் கொடுத்தார். தனக்கு ஒன்றும் வேண்டாம், வயிறு சரியில்லை என்றார். நான் தின்றேன். இன்னொன்று சொல்லட்டுமா என்று கேட்டார். அதையும் தின்றேன். திரும்பி வருகிற பஸ்ஸில் ஏறினவரிடமெல்லாம் அவர் அந்தச் சண்டையைச் சொன்னார். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே சொன்னார். தொப்பூர் வருவதற்குள் நான் துரையின் சட்டையைப் பிடித்துவிட்டதாகக் கதை வளர்ந்திருந்தது.

அப்பாவுக்கு மனு, பரீட்சை எல்லாம் தெரிந்துபோயிருந்தது. மறுநாள் டிரைவர் வேலைக்கு வந்தபோது அப்பா நெடுநேரம் வெளியே நிற்க வைத்தார். பிறகு, "என்னய்யா, கப்பல் உன்ன வுட்டுட்டுப் போயிருச்சா?" என்றார். அப்புறம் பஸ் ஸ்டாண்டில் அவருக்கு அதுவே பாட்டாகிவிட்டது. "டிரைவரே, கப்பல் எத்தன மணிக்குங்க?" என்று டிக்கெட் கிழிக்கிறவன் கேட்பான். முன்பு இருந்த மனிதராக இருந்தால் அவன் பல்லைத் தட்டியிருப்பார். இப்போது "தண்ணி வத்திப் போச்சிடா" என்று சொல்லிவிட்டு ஏறி உட்காருவார். கண்ணாடியில் மீசையைப் பார்ப்பதை எப்போது நிறுத்தினார் என்று எனக்கு ஞாபகமில்லை. உச்சியில் எஞ்சினை அணைப்பதை மட்டும் நிறுத்தவில்லை. குச்சியை விட்டு அளப்பதை நானும் நிறுத்தவில்லை.

சுதந்திரம் வந்தது. கொடியேற்றத்தன்று நான் பேசினேன். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த டிரைவர் பக்கத்திலிருந்தவரிடம், "அன்னிக்கும் இப்பிடித்தான்ங்க பேசினாரு, எனக்காவ" என்று சொன்னது மேடை வரைக்கும் கேட்டது.

அதற்குப் பிறகு சில வருடங்களில் அப்பா இறந்தார். நான் முதலாளியானேன். முதல் வேலையாக டிரைவர்களைக் கூப்பிட்டு, இனிமேல் இறக்கத்தில் எஞ்சினை அணைக்க வேண்டாம், பெட்ரோல் அளக்கப்போவதில்லை என்றேன். எல்லோருக்கும் முன்னால் அவர் சொன்னார்: "நம்ம தம்பி மனசு எனக்கு அன்னிக்கே தெரியுங்க."

என்னால் தாங்க முடியவில்லை. மற்றவர்கள் போன பிறகு, சேலம் பஸ்ஸின் பக்கத்தில் வைத்து அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடிவாரத்தில் சொன்னது, பங்களாவில் துரை கேட்டது, நான் சொன்ன இல்லை, மேஜையைத் தட்டியது எதற்காக என்பது வரைக்கும்.

அவர் உடனே புரிந்துகொள்ளவில்லை. பங்களாவில் கேட்ட கேள்வியை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"நீங்க ஆமாமின்னு சொல்லியிருந்தா, அன்னிக்கே கையெழுத்தா?"

"ஆமாண்ணா."

"அப்ப எதுக்கு இப்ப சொல்றீங்க?"

"மனசு கேக்கலண்ணா."

"உங்க மனசு கேக்கல. செரி. இதக் கேட்டுக்கிட்டு எம் மனசு இன்னா பண்ணட்டும்?" குரல் உயர்ந்தது. "எம் பொண்டாட்டி மாரியாயி கோயில்ல உங்க பேருக்கு வெளக்கு வெச்சாய்யா! பஸ் ஸ்டாண்டுல, சந்தையில, சம்பந்தி வூட்டுல, போற எடமெல்லாம் இந்தப் புள்ள எனக்காவச் சண்ட போட்டான்னு சொன்னேன். வாய் வலிக்கச் சொன்னேன். இத்தன வருசம் கேட்டுக்கிட்டு நின்னியே!"

அவர் என்னை ஒருமையில் பேசியது அன்றுதான். அதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? சம்பளத்தை உயர்த்தித் தருகிறேன் என்றேன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே அதையும் சொன்னேன்.

அவர் என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் அந்தச் சௌகரியத்தைத் தரவில்லை. பஸ் சாவியை என் கையில் கொடுக்காமல் பானெட் மேல் வைத்தார்.

"நான் எங்கெங்க சொன்னனோ அங்கெல்லாம் போயி நீ திருப்பிச் சொல்லு. ஒவ்வொருத்தங்கிட்டயா, உன் வாயால. அப்பறம் வந்து உம் மனசப் பத்திப் பேசு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன், சொல்லிவிடுவது என்றுதான். கும்பிட்டார்கள். புது முதலாளி என்று டீ வரவழைத்தார்கள். குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். என்னை விட்டுப் போன டிரைவரை மற்ற முதலாளிகள் சேர்க்கக் கூடாது என்ற ஏற்பாட்டையாவது நான் ஒரு வார்த்தை சொல்லி உடைத்திருக்கலாம். இவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், தவறு என்னுடையது என்று. தவறு என்னவென்று கேட்பார்களே! அதனால் அதுவும் சொல்லவில்லை. யாரும் அவரைச் சேர்க்கவில்லை. பிறகு அவர் எந்த வண்டியும் ஓட்டவில்லை.

பென்னாகரம் பக்கத்தில் அவர் மனைவியின் ஊரில் கொஞ்சம் மானாவாரி நிலம் இருந்தது. அங்கே போய்க் கேழ்வரகும் நிலக்கடலையும் போட்டார்கள். ஒகேனக்கல் போகிற எங்கள் பஸ் அந்த ஊர் வழியாகத்தான் போகும். அவர் கடைசிவரை அதில் ஏறவில்லை. சந்தை நாளில் கடலை மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மனைவியோடு சாலையோரம் நடந்து போவார். அவரைத் தெரிந்த எங்கள் டிரைவர்கள் பஸ்ஸை நிறுத்தி, "ஏறுங்கண்ணா, டிக்கெட்டு வேணாம்" என்பார்கள். "நீ போடா, ஆளுங்க காத்திருப்பாங்க" என்று கையை ஆட்டி அனுப்பிவிடுவாராம். ஒருநாள் அந்தப் பஸ்ஸின் முன்சீட்டில் நானும் இருந்தேன். நிறுத்த வேண்டாம் என்று டிரைவரின் தோளைத் தொட்டேன். பஸ் கிளப்பிய புழுதி அவர்கள் இருவர் மேலும் படிந்ததைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அவர் நின்று, புழுதி அடங்கும்வரை கண்ணை மூடியிருந்தார்.

அவரும் போய்விட்டார், அவர் மனைவியும் போய்விட்டாள். யாருடைய பெயரும் போடாமல் இதை எழுதியிருக்கிறேன். அவர் என்னை எழுதச் சொல்லவில்லை. ஒவ்வொருவரிடமும் வாயால் சொல்லச் சொன்னார். அதைச் செய்ய இன்னும் நாலைந்து கிழவர்கள் மிச்சம் இருக்கிறார்கள். அவர்கள் வீடுகள் எனக்குத் தெரியும். நடந்தே போகிற தூரம்தான்.